ஒரு நாள் நடையைத் திருடியவர்கள்: முந்திக்கொள்வது என்றால் உண்மையில் என்ன?

"முந்திக்கொள்ளுங்கள்" என்ற சொல்லுக்கு இன்று நல்ல விலை இருக்கிறது. வீட்டுமனை விற்பவர் அதைச் சொல்கிறார். பயிற்சி மையம் சொல்கிறது. பங்குச் சந்தையில் பணம் போடச் சொல்லிக் கைப்பேசியில் அழைப்பவரும் சொல்கிறார். ஆனால் மூவரும் சொல்வது ஒன்றே அன்று. ஒருவர் சீக்கிரம் தொடங்கு என்கிறார். இன்னொருவர் வேகமாக ஓடு என்கிறார். மூன்றாமவர் யோசிக்காமல் கையெழுத்துப் போடு என்கிறார். கேட்பவர் மனத்தில் இவை எல்லாம் கலந்து, "நாம் பின்தங்கிவிட்டோம்" என்ற அச்சமாக மட்டும் தங்கிவிடுகின்றன. அந்த அச்சத்தை வைத்து நடக்கும் வியாபாரம் பெரிது. ஆகவே இந்தக் கருத்தை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் 'ஸ்டீல் எ மார்ச்' என்றொரு வழக்கு உண்டு. எதிராளி அறியாமல் ஒரு நாள் நடையைத் திருடிக்கொள்வது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டுப் படைகளோடு ஒட்டிவந்த பேச்சு அது. அதே நூற்றாண்டில் அப்படித் திருடப்பட்ட நடைகள் சில, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சுற்றியே நடந்தன. இதை விளக்கத் தொப்பூரும் காவேரிப்பட்டினமும் பாலக்கோடும் நமக்குப் போதும்.

தக்காளியில் தொடங்குவோம்

இராயக்கோட்டைப் பக்கம் அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தக்காளி போடுகிறவர்கள். நாற்று நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு ஏறத்தாழ 60 முதல் 70 நாள் பிடிக்கிறது. ஒருவர் குழித்தட்டு நாற்றுக்கு முன்பே சொல்லிவைத்து, சுற்றுவட்டாரம் நடுவதற்குப் பத்து நாள் முன்பாக நட்டுவிட்டார். அவருடைய முதல் பறிப்பு மண்டிக்குப் போகும்போது வரத்துக் குறைவாக இருக்கிறது. பெட்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது.

இதில் அவர் எதையும் வேகமாகச் செய்யவில்லை. செடி இருவர் நிலத்திலும் ஒரே வேகத்தில்தான் வளர்ந்தது. அவருக்குக் கிடைத்தது பத்து நாள் இடைவெளி மட்டும். அந்த இடைவெளியைப் பக்கத்து நிலத்துக்காரரால் அடைக்க முடியாது. விலையைக் கேள்விப்பட்ட அன்றே நட்டாலும் அவர் செடி காய்க்க 60 நாள் ஆகும். எத்தனை மூட்டை உரம் போட்டாலும் அது 50 நாளில் காய்த்துவிடாது. அவருக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. முந்தியவரின் பலம் முழுவதும் அந்தத் தெரியாமையில் இருந்தது.

அடுத்த ஆண்டு நடப்பதையும் பாருங்கள். சேதி பரவி, ஊரே பத்து நாள் முன்பாக நடுகிறது. இப்போது வரத்து மொத்தமும் பத்து நாள் முன்பாக வந்து குவியும். விலையும் பத்து நாள் முன்பாகவே விழும். எல்லோரும் சீக்கிரம் தொடங்கினார்கள், ஆனால் யாரும் முந்தவில்லை. இன்னொன்றும் உண்டு. முதல் ஆண்டில் முந்தியவர், "இன்னும் விலை ஏறட்டும்" என்று பழத்தைப் பறிக்காமல் விட்டிருந்தால், பத்து நாள் கழித்து ஊரோடு சேர்ந்துதான் விற்றிருப்பார். இடைவெளி கையில் இருந்தும் காசாகியிருக்காது.

ஆக, முந்துவதற்கு மூன்று உறுப்புகள் இருக்கின்றன. அளவிடக்கூடிய ஓர் இடைவெளி. அது உருவாகும்போது மற்றவருக்குத் தெரியாமை. அவர் விழித்துக்கொள்வதற்குள் அந்த இடைவெளியை நிலையான ஒன்றாக மாற்றிக்கொள்வது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் சீக்கிரம்தான்.

இனி, தக்காளிக்குப் பதிலாகப் படை.

ஒரு நாள் நடை என்ற அளவு

நெடுஞ்சாலையும் ரயிலும் வருவதற்கு முன் தூரத்தை நாளால் அளந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்களும் "ஒரு நாள் நடை" என்றுதான் சொன்னார்கள். படையிலும் அதே அளவுதான். ஒரு படை முகாமைக் கலைத்துக் கிளம்பி, அடுத்த முகாம் போடும் வரை கடக்கும் தூரம் ஒரு நடை.

அந்தத் தூரம் எவ்வளவு சிறியது என்பதை உணர்ந்தால்தான் மற்றவை புரியும். பீரங்கிகளை எருதுகள் இழுத்தன. அரிசியும் குண்டும் கூடாரமும் எருதுகளின் முதுகில் வந்தன. படைவீரர்களைவிடப் பின்தொடரும் கூட்டம் பெரிதாக இருந்தது. எருதுக்குத் தீவனமும் தண்ணீரும் கிடைக்கும் இடத்தில்தான் இரவு தங்க முடியும். இப்படிப்பட்ட படை நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போனாலே நல்ல நடை. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை இன்று பஸ்ஸில் ஒரு மணி நேரம். அன்றைய கனமான படைக்கு மூன்று நாள் அளவுக்கு ஆகும்.

இரு படைகளும் எருதின் வேகத்தில் நகர்வதால், ஒருவர் ஒரு நடை முந்திவிட்டால் மற்றவர் அதை ஈடுகட்டுவது கடினம். செடியைப் போலவே எருதையும் அவசரப்படுத்த முடியாது. இரவோடு இரவாக முகாமைக் கலைத்து, தீப்பந்தங்களை எரியவிட்டுக் கிளம்பிவிட்டால், விடிந்தபின்தான் எதிரிக்குத் தெரியும். அதற்குள் ஒரு நடை போய்விட்டது. வழக்கின் மூலப்பொருள் இவ்வளவுதான்.

நிலத்தின் அமைப்பும் இந்த ஆட்டத்துக்குத் தோதாக இருந்தது. மேலே மைசூர் மேட்டுநிலம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே கர்நாடகச் சமவெளி; இது இன்றைய கர்நாடக மாநிலமல்ல, ஆற்காடு நவாபின் நிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டைப் போலக் கிடக்கிறது பாரமகால். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பகுதிகள் அதில் அடக்கம். கீழிருந்து மேலே போகவும் மேலிருந்து கீழே வரவும் கணவாய்கள் சிலவே: தெற்கே தொப்பூர், கிழக்கே செங்கம், மேற்கே பாலக்கோட்டு வழி. எந்தக் கணவாயில் யார் முதலில் வருகிறார் என்பதே போரின் போக்கைத் தீர்மானித்தது.

1769: ஹைதரின் மூன்றரை நாள்

முதல் மைசூர்ப் போர் 1767இல் தொடங்கியபோதே மைசூரை ஆண்ட ஹைதர் அலி இந்தக் கணவாய்களின் வழியே இறங்கிக் காவேரிப்பட்டினத்தைச் சூழ்ந்தார். இரண்டே நாளில் அங்கிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காவல்படை சரணடைந்தது. ஆனால் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் அவரைத் தடுத்துநிறுத்தினார். நேருக்கு நேர் மோதலில் ஸ்மித்தை உடைப்பது எளிதில்லை என்பதை ஹைதர் கற்றுக்கொண்டார். போர் இழுத்துக்கொண்டே போனது. கோட்டைகள் கைமாறி மாறி வந்தன.

1769 மார்ச்சில் ஹைதர் செய்தது வேறு. ஸ்மித்தின் படையைத் தன் பின்னால் இழுத்து, கம்பெனியின் தலைமையிடமான மதராஸிலிருந்து தள்ளிக் கொண்டுபோனார். பிறகு பீரங்கிகளையும் காலாட்படையையும் மூட்டை முடிச்சுகளையும் மைசூர்ப் பக்கம் திருப்பி அனுப்பினார். பார்த்தவருக்கு, போர் முடிந்து படை ஊர் திரும்புகிறது என்றே தோன்றும். எதிரி ஒன்றை நம்பும்படி ஒரு திசையில் அசைந்து, உண்மைக் காரியத்தை இன்னொரு திசையில் செய்வதை நாம் "போக்குக் காட்டுவது" என்கிறோம். மிகப் பொருத்தமான சொல் அது. இந்தக் கட்டுரையில் இனி அந்தப் பொருளிலேயே அது வரும்.

கனமெல்லாம் கழிந்தபின் ஹைதரிடம் எஞ்சியது ஏறத்தாழ 6,000 குதிரைகள், கொஞ்சம் காலாட்கள். அவர்கள் சுமார் 130 மைலை மூன்று, மூன்றரை நாளில் கடந்து மதராஸின் வாசலில் வந்து நின்றார்கள். எருதின் கணக்கில் அது பதினோரு பன்னிரண்டு நடை. மார்ச் இறுதியில் கோட்டையிலிருந்தவர்கள் விழித்துப் பார்த்தபோது ஹைதர் பரங்கிமலைப் பக்கம் இருந்தார். அவர்களுடைய படையோ எங்கோ தொலைவில் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

வேகம்தானே வென்றது என்று இங்கே கேட்பார்கள். வேகம் இல்லாமல் இது நடந்திருக்காது, சரி. ஆனால் மதராஸை நோக்கிக் கிளம்புகிறார் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் ஸ்மித் வேறு வழியில் நகர்ந்திருப்பார். மதராஸும் காவலைச் சேர்த்திருக்கும். 6,000 குதிரைகள் ஒரு கோட்டையை இடிக்க முடியாது. ஹைதருக்கும் அது தெரியும். அவர் கோட்டையைத் தாக்கவே இல்லை. ஸ்மித்தின் படை நெருங்கிவரக் கூடாது என்று நிபந்தனை போட்டு, உடனே பேச்சு வார்த்தையைத் தொடங்கினார். திருடிய நாட்கள் தீர்ந்துபோவதற்குள் அவற்றைக் கையெழுத்தாக மாற்றிவிட்டார். 1769 ஏப்ரல் தொடக்கத்தில் மதராஸ் உடன்படிக்கை முடிந்தது: பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது.

அந்த உதவி வாக்குறுதியைக் கம்பெனி பிறகு காப்பாற்றவில்லை. மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது வேடிக்கை பார்த்தது. முந்திக் கிடைத்ததைக் காகிதமாக மாற்றினால், அந்தக் காகிதத்துக்குப் பின்னால் நிற்பவரின் நேர்மை எவ்வளவோ அவ்வளவுதான் அதன் மதிப்பு.

1790: முந்தியும் கைக்கு எட்டாதது

ஹைதருக்கு வாய்த்தது போல எப்போதும் வாய்க்காது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 நவம்பரில், அவர் மகன் திப்பு சுல்தான் இதே நிலத்தில் ஒரு நடையைத் திருடினார். அதன் முடிவு வேறாக இருந்தது. எனக்கு இந்த நிகழ்ச்சியே அதிகம் கற்பிப்பதாகத் தோன்றுகிறது. வெற்றிக் கதைகளில் மறைந்துபோகும் மூன்றாம் உறுப்பு இதில்தான் வெளிச்சமாகத் தெரிகிறது.

கம்பெனியின் பெரும்படை ஜெனரல் மெடோஸ் தலைமையில் கோயம்புத்தூர், காவிரிப் பக்கம் இருந்தது. கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் இன்னொரு சிறிய படை கிழக்கிலிருந்து பாரமகாலுக்குள் நுழைந்திருந்தது. இரண்டும் சேர்வதற்கு முன் சிறியதை நசுக்கிவிட வேண்டும் என்பது திப்புவின் கணக்கு. ஒரு பகுதிப் படையை மெடோஸின் கண்ணெதிரே விட்டுவிட்டு, மிச்சத்தோடு வடக்கே பாய்ந்தார். மெடோஸுக்குச் சேதி உறைப்பதற்குள் திப்பு பாரமகாலில் இருந்தார். இடைவெளியும் கிடைத்தது, எதிரியின் அறியாமையும் கிடைத்தது.

ஆனால் காவேரிப்பட்டினத்துக்கு அருகே மேக்ஸ்வெல் நல்ல இடமாகப் பார்த்துப் படையை நிறுத்திக்கொண்டு அசையவில்லை. திப்பு அவரை வெளியே இழுக்கப் பார்த்தார், வரவில்லை. அரணுக்குள் இருக்கும் கட்டுக்கோப்பான படை மீது பாய்ந்தால் இழப்புப் பெரிது. திப்பு தயங்கினார். நாட்கள் கழிந்தன. திருடிய நடை ஒவ்வொன்றாகச் செலவாகி, மெடோஸ் வந்து சேர்ந்தார். நவம்பர் நடுவில் இரண்டு படைகளும் ஒன்றாகிவிட்டன.

திப்பு அங்கேயே சிக்கிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே நழுவித் திருச்சிராப்பள்ளியை நோக்கிப் போய்விட்டார். மெடோஸ் மறுபடியும் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. இன்று சேலம் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் திணறி இறங்கும் அதே தொப்பூர்தான். தப்பிப்பதில் அவர் தேர்ந்தவர். ஆனால் எதற்காக வடக்கே வந்தாரோ அது நடக்கவில்லை.

1769இலும் 1790இலும் திருடப்பட்டது ஒரே சரக்கு. ஹைதர் அதைத் தீர்வதற்குள் மாற்றினார். திப்புவால் மாற்ற முடியவில்லை, ஏனென்றால் எதிரி தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முந்தியவருக்கு எதிராகச் செய்யக்கூடிய மிக எளிய தற்காப்பும் இதிலேயே இருக்கிறது: பதறி ஓடாமல், பலமான இடத்தில் நின்று, அவருடைய நாட்கள் தீரும் வரை பொறுத்திருப்பது.

1791: எல்லோருக்கும் தெரிந்த வழி

சில வாரங்களில் பாத்திரங்கள் மாறின. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தாமே மதராஸுக்கு வந்து படைத் தலைமையை ஏற்றார். திப்பு அப்போது பிரெஞ்சுக்காரர்களின் உதவியை எதிர்பார்த்துப் புதுச்சேரிப் பக்கம் நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். 1791 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் வேலூருக்கு வந்தார். அங்கிருந்து மைசூர் ஏற வேண்டுமென்றால் ஆம்பூர், வாணியம்பாடி, பாரமகால் என்பதே எல்லோரும் அறிந்த பாதை. அவரும் ஆம்பூர்ப் பக்கம் படையின் ஒரு பகுதியை அனுப்பிப் போக்குக் காட்டினார். பெரும்படையோ வடக்கே சித்தூரை நோக்கித் திரும்பி, மொகிலிக் கணவாய் வழியாக எதிர்ப்பே இல்லாமல் மேட்டுநிலத்தில் ஏறிவிட்டது.

திப்பு அவசரமாகச் செங்கத்தில் புகுந்து, பாலக்கோட்டு வழியாக மேலே ஏறினார். ஏறி வந்தபோது கார்ன்வாலிஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். மார்ச் 21ஆம் நாள் இரவு பெங்களூருக் கோட்டை விழுந்தது. அது படைக்கு உணவும் இருப்பும் தரும் தளமாயிற்று. திருடிய நடை இங்கே கல்லாகவும் சுவராகவும் மாறியது. காகிதத்தைப் போலக் கரையவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலே கம்பெனியின் கைக்குப் போனது.

பாரமகால் வழி மிகப் பிரசித்தமாக இருந்ததாலேயே போக்குக் காட்டப் பயன்பட்டது. எல்லோரும் எதிர்பார்க்கும் வழியில் எவ்வளவு சீக்கிரம் போனாலும் முந்த முடியாது. அங்கே ஏற்கெனவே ஒரு காவல் நிற்கும். முந்துவதற்கான வழி பெரும்பாலும் சுற்றுவழியாகவும் சிரமமானதாகவும்தான் இருக்கும்.

முதலில் வந்தவரும் முந்தியவரும் ஒருவரே அல்லர்

இன்றைய வணிகப் பேச்சில் இந்தக் கருத்தோடு அதிகம் குழப்பப்படுவது "முதல்வரவு அனுகூலம்". ஒரு சந்தையில் முதலில் காலூன்றியவருக்குப் பெயரும் வாடிக்கையாளர்களும் நல்ல இடமும் கிடைப்பதை அப்படிச் சொல்கிறார்கள். அனுகூலம் உண்டு என்பது உண்மை. நிச்சயம் என்பது பொய். அமெரிக்காவில் கோல்டர், டெல்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் 50 பொருள் வகைகளை ஆராய்ந்து, ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவர் என்ன ஆனார் என்று பார்த்தார்கள். முன்னோடிகளில் 47 விழுக்காட்டினர் தோற்றுப்போயிருந்தார்கள். வெற்றி பெற்றவர்களிடம் மட்டும் கேட்டு எழுதிய பழைய கணக்குகளில் இந்தத் தோல்விகள் விடுபட்டிருந்தன.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இந்தியாவில் கைக்கடிகாரத் தயாரிப்பில் முன்னே நின்றது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூருவில் தொடங்கியது. கல்யாணத்துக்கும் பணி ஓய்வுக்கும் கொடுக்கும் பரிசு என்றால் அந்தக் கடிகாரம்தான். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை அமைத்தது 1984இல். ஓசூரில் ஆலை எழுந்து கடிகாரங்கள் சந்தைக்கு வந்தது 1987இல். கால் நூற்றாண்டு பின்னால் வந்தவர் அவர். ஆனால் சாவி கொடுத்து முடுக்கும் இயந்திரத்துக்குப் பதில், மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தையே தன் முதன்மைப் பொருளாக்கினார். கடிகாரத்தை நேரம் பார்க்கும் கருவியாக மட்டும் விற்காமல் அழகுப் பொருளாகவும் விற்றார்.

எச்.எம்.டி. குவார்ட்ஸ் செய்யாமலில்லை. ஆனால் அதன் ஆலைகளும் ஆட்களும் பெருமையும் இயந்திரக் கடிகாரத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தன. முதலில் வந்தவர் சேர்த்துவைத்த பொருள்களே திரும்பும்போது சுமையாகிவிடுவது இப்படித்தான்: பீரங்கியும் மூட்டையும் அதிகமுள்ள படை இரவோடு இரவாகக் கிளம்ப முடியாது. 2016இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எத்தனையோ குடும்பங்களில் அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. தரக்குறைவால் வந்த முடிவு அது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இங்கே நினைவில் கொள்ள வேண்டியது சிறிது. முதல்வரவு என்பது நாட்காட்டியில் ஒரு தேதி. நடையைத் திருடுவது என்பது இன்னொருவரின் கவனம் வேறு பக்கம் இருக்கும்போது நடப்பது. கடைசியாக வந்தவரும் அதைச் செய்யலாம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை

இந்தப் பேச்சு அதிகம் காயப்படுத்துவது பெற்றோரைத்தான். தர்மபுரியிலும் ஓசூரிலும் ஆறாம் வகுப்பிலேயே நீட் அடித்தளப் பயிற்சி என்று அழைக்கிறார்கள். "மற்ற பிள்ளைகளை முந்திவிடும்" என்பதே அந்த அழைப்பின் சாரம். மூன்று உறுப்புகளையும் இதில் பொருத்திப் பாருங்கள்.

இடைவெளி இருக்கிறதா? ஆண்டுகளாகக் கணக்குச் சொல்வார்கள். மற்றவருக்குத் தெரியாமை இருக்கிறதா? சுவர்தோறும் விளம்பரம் ஒட்டியிருப்பதில் தெரியாமை எங்கிருந்து வரும்? எல்லோருக்கும் ஒரே சலுகைக் கட்டணத்தில் விற்கப்படும் முந்துதல், ஊரே பத்து நாள் முன்பாக நட்ட தக்காளிதான். மருத்துவக் கல்லூரி இடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஐந்து ஆண்டு முன்பாகத் தொடங்கினால் தரவரிசை அப்படியே இருக்கும். ஐந்து ஆண்டு விளையாட்டும் பணமும் மட்டும் போயிருக்கும். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, இல்லாத ஒரு பந்தயத்தில் தோற்றதாகத் தன்னை நினைத்துக்கொள்வதுதான் இதில் பெரிய கொடுமை.

அப்படியென்றால் சீக்கிரம் படிப்பதால் பயனே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. பென்னாகரத்தில் ஒரு சிறுமி எட்டு வயதில் தமிழைத் தடங்கலின்றி வாசிக்கப் பழகினால், அடுத்துப் படிக்கும் ஒவ்வொரு பாடமும் அவளுக்கு இலகுவாகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமியும் அதே வயதில் வாசித்தாலும் இவளுடைய பயன் ஒரு துளியும் குறையாது. இருவரும் கதைப் புத்தகங்களை மாற்றிக்கொண்டால் கூடவே செய்யும். இதை வளர்ச்சி என்போம். மற்றவர் பின்னால் இருந்தால் மட்டுமே மதிப்புள்ளது முந்துதல். மற்றவர் எங்கிருந்தாலும் மதிப்புள்ளது வளர்ச்சி. பயிற்சி விற்பவர்கள் இரண்டாவதின் நற்பெயரை முதலாவதுக்கு ஒட்டி விற்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன், இவர் தருவது இரண்டில் எது என்று கேட்டுவிட்டால் பாதி அச்சம் விலகிவிடும்.

திருட்டு எந்த அளவுக்கு?

வழக்கில் திருட்டு என்ற சொல் வருவதால், குறுக்குவழி எல்லாமே இதில் அடங்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி அன்று. கார்ன்வாலிஸ் மொகிலி வழியாகப் போனது திப்புவின் உரிமை எதையும் பறித்ததாகாது. அந்தக் கணவாய் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. மற்றவர் காவல் வைக்காத பொழுதையும் பாதையையும் பயன்படுத்திக்கொள்வது வரைதான் இது.

மற்றவருக்குச் சட்டப்படியே கிடைக்க வழியில்லாத சேதியை வைத்து முந்துவது வேறு இனம். ஒரு நிறுவனத்தின் அதிகாரி, வெளிவராத லாபக் கணக்கைப் பார்த்துவிட்டு அதன் பங்கை வாங்கினால் அது உள்தகவல் வணிகம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் அதைத் தடை செய்கின்றன. அதே நிறுவனம் வெளியிட்ட ஆண்டறிக்கையை நள்ளிரவு வரை உட்கார்ந்து படித்து, மற்றவர் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கினால் அதில் குற்றம் ஏதுமில்லை. தேர்விலும் இதே கோடுதான். பழைய வினாத்தாள்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சி செய்த மாணவர் ஒரு நடை முந்தியவர். கசிந்த வினாத்தாளை விலைக்கு வாங்கியவர் அப்படி அல்லர். மத்திய அரசின் பொதுத் தேர்வுகளில் அப்படிக் கசியவிடும் கும்பல்களுக்காகவே 2024இல் தனிச் சட்டம் வந்தது. கூட்டாகத் திட்டமிட்டுச் செய்பவர்களுக்குப் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் அதில் உண்டு.